முகமூடிக்குப் பின்னால் யார் என்று கேட்டார்கள்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வருகின்றன. போன வாரமும் ஒன்று வந்தது. பேசியவள் நான் இருந்த பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். ரேவதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிகள் சொல்லச் சொல்லக் குற்றவாளியின் முகத்தைப் பென்சிலால் வரைந்து கொடுப்பது காவல் துறையில் என் வேலையாக இருந்தது. இப்போது அதைக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். விதவிதமான மூக்கும் கண்ணும் அதற்குள் இருக்கின்றன. சாட்சி கைகாட்டுவதை எடுத்து ஒட்டினால் முகம் தயார். ரேவதி அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள்.

"மேடம், அந்தக் கொக்குத் தல படத்து கேஸு, அது நீங்கதானே? இங்க ரெண்டு விதமா சொல்றாங்க. நீங்க படத்தப் பாத்த ஒடனே குத்தவாளி யாருன்னு சொல்லிட்டீங்கன்னு சிலபேரு. அதெல்லாம் இல்ல, மேலதிகாரி பேச்சக் கேக்காம அடம்புடிச்சாங்க, அதனால தூக்கி மூலையில போட்டாங்கன்னு சிலபேரு. எது மேடம் நெசம்?"

முதலாவது பொய். இரண்டாவது உண்மை. ஆனால் "அடம்" என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். மற்றவர்கள் பெயரையெல்லாம் மாற்றியிருக்கிறேன். எந்த அலுவலகம் என்பதையும் சொல்லப்போவதில்லை. என் பெயர் மட்டும் நிஜம்: பிலோமினா. கடலூர் செம்மண்டலத்தில்தான் இருக்கிறேன். இதில் நான் ஒளிந்துகொள்ள ஒன்றுமில்லை.

ஓவியம் படித்தது சென்னையில். படித்து முடித்தவர்கள் சினிமா பேனர் பக்கமும் பள்ளிக்கூடம் பக்கமும் போனபோது, ஒரு விளம்பரத்தைப் பார்த்து நான் இந்த வேலைக்கு எழுதிப்போட்டேன். முதல் சில வருஷங்கள் விபத்து நடந்த சாலைகளின் வரைபடத்தைத்தான் போடச் சொன்னார்கள். பிறகுதான் முகம் என் கைக்கு வந்தது.

முகம் வரைவதற்கு நானே வகுத்துக்கொண்ட சில முறைகள் உண்டு. அறையில் சாட்சியும் நானும் மட்டும்தான் இருக்க வேண்டும். கண்ணிலோ மூக்கிலோ தொடங்கக் கூடாது. முதலில் நெற்றியில் முடி எங்கே ஆரம்பிக்கிறது, காது எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். சாட்சியை உற்றுப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். தாளைத் திருப்பிக் காட்டியதும் "ஆமாங்க, அப்படியே இருக்கு" என்று சட்டென்று சொன்னால் படம் தப்பு என்று அர்த்தம். சரியாக வந்த படத்தைப் பார்த்து யாரும் தலையாட்டியதில்லை. நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் நகர்வார்கள். அதுதான் எனக்கு அடையாளம். அதைப் பார்த்த பிறகுதான் பென்சிலைக் கீழே வைப்பேன்.

2004 கடைசியில் கடல் ஊருக்குள் வந்தபோது, குற்றவாளிகளை விட்டுவிட்டுக் காணாமல் போனவர்களை வரைந்தேன். மீனவக் கிராமங்களில் போட்டோ வைத்திருந்த வீடே போய்விட்டது. போட்டோவுக்கு எங்கே போவார்கள்? பிச்சாவரம் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். மனைவியைத் தேடுகிறார். முகத்தைச் சொல்லுங்கள் என்றேன். வாயைத் திறந்தார், மூடினார்.

"மூஞ்சி வர மாட்டேங்குதும்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து பாத்த மூஞ்சி. வர மாட்டேங்குது."

கொஞ்ச நேரம் கழித்து, மீன் செதில் எடுக்கும்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள், கடித்துக் கடித்து இடது ஓரத்தில் ஒரு தழும்பே விழுந்துவிட்டது என்றார். அந்த ஓர் இடத்தை மட்டும் நகம் வைத்துக் காட்டுகிற மாதிரி அவ்வளவு துல்லியமாகச் சொன்னார். நான் அந்த உதட்டிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே போனேன். கடைசியில் தாளைத் திருப்பினேன். அவர் பின்னால் நகர்ந்து, எழுந்து, சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்தத் தழும்பை வைத்துத்தான் மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளை அவரிடம் ஒப்படைத்தார்கள். உயிரோடு அல்ல.

அடி வாங்கிய மனசு எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிடும், ஒன்றை மட்டும் கலைக்காது. அந்த ஒன்றைக் கண்டுபிடித்தால் மீதியைப் பிடித்துவிடலாம். அந்த வாரத்தில் நான் கற்றுக்கொண்டது அதுதான்.

அப்போது எனக்கு அதிகாரியாக இருந்தவர் அறிவழகன் சார். அந்த நாட்களில் அவரைப் பார்த்தவர்கள் அவரைப் பற்றித் தவறாகப் பேச மாட்டார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வந்தவர்களுக்குத் தானே தண்ணீர் மொண்டு கொடுத்தார். அழுகிற ஆண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருநாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. கான்ஸ்டபிளைக்கூட "நீங்க" என்றுதான் கூப்பிடுவார்.

அவரிடம் ஒரே ஒரு விசேஷம் உண்டு. உத்தரவே போட மாட்டார். எல்லாப் பேச்சின் முடிவிலும் ஒரு "தானே" சேர்ப்பார். "டீ சாப்ட்டுட்டீங்கதானே?" "நாளைக்கு விழுப்புரம் போறீங்கதானே?" "இதுல கையெழுத்துப் போட்டுடலாம்தானே?" சொல்லிவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றி, தாளை நம் பக்கம் திருப்பி வைப்பார். அந்தத் "தானே"வுக்கு யாரும் "இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை, 2009 வரைக்கும்.

அந்த வருஷம் சிதம்பரத்தில் பெரிய கல்யாண மண்டபம் வைத்திருந்த ஒருவர் வீட்டிலிருந்து நகைத் திருட்டுப் புகார் வந்தது. ஊரில் அவரை மண்டபக்காரர் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். வீட்டு வேலைக்கு இருந்த கனகா என்ற இருபது வயசுப் பெண் நகையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள் என்பது புகார். பிச்சாவரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண். அலையில் அம்மாவும் அப்பாவும் போய்விட்டதால் வேலைக்கு வந்தவள். அவளுக்குப் போட்டோ ஒன்றுகூட இல்லை. முகத்தைச் சொல்ல மண்டபக்காரரின் மனைவி சிவகாமி கடலூருக்கு வந்தார். கூடவே மண்டபக்காரரும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்" என்றேன்.

அவர் நகரவில்லை. எட்டிப் பார்த்த அறிவழகன் சார், "பரவால்லதானே பிலோமினா, அவரு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிவகாமி ஒவ்வொரு பதிலுக்கும் கணவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். முடி, காது, நெற்றி எல்லாம் சொன்னார். மேல்வரிசையில் முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும் என்றார். வாய் மூடிய முகத்தில் பல்லை வரைய முடியாது என்பதால் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

"கண்ணு எப்டிம்மா இருக்கும்?"

"பயந்த கண்ணுங்க."

மண்டபக்காரர் திரும்பினார். "திருட்டு முழின்னு சொல்லு."

"ம். திருட்டு முழி" என்றார் சிவகாமி, என்னைப் பார்க்காமல்.

நான் பயந்த கண்களைத்தான் வரைந்தேன். என் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் முகமானாலும் இடது புருவம் ஒரு நூல் மேலே ஏறிவிடும். படிக்கும் காலத்திலிருந்தே வாத்தியார்கள் திட்டியும் போகவில்லை. கனகா முகத்திலும் அது ஏறியது. படத்தை அச்சடித்துச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, டீக்கடைச் சுவர் எல்லாவற்றிலும் "தேடப்படுபவர்" என்று ஒட்டினார்கள். பெண் கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்து அதே மண்டபக்காரரிடமிருந்து இன்னொரு புகார் வந்தது. அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் வசந்தா என்ற பெண், ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். ஊரில் சிலர் சேர்ந்து ஒரு சின்னக் கூடத்தில் ஓவியக் கண்காட்சி வைத்திருந்தார்கள். அதில் வசந்தா வைத்த படத்தில் இருப்பது தான்தான், தன்னை அசிங்கப்படுத்தி மிரட்டவே அதை வரைந்திருக்கிறாள், அவளைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். கண்காட்சி தொடங்கிய இரண்டாம் நாளே கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

அறிவழகன் சார் என்னைக் கூப்பிட்டார். "படத்துல முகமூடி போட்டு ஒருத்தர் இருக்காரு. முகமூடிக்குப் பின்னால யாருன்னு நீங்க பாத்துச் சொன்னா போதும். அவருதானே?"

"பாக்காம எப்டி சார் சொல்றது?"

"பாத்துட்டே சொல்லுங்க" என்று சிரித்தார்.

சிதம்பரத்துக்கு ஜீப்பில் போனேன். கூடத்தைத் திறந்துவிட்டார்கள். வெயில் விழுகிற சுவரில் அந்தப் படம் மட்டும் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. ஒரு கான்ஸ்டபிள் வாசலில் நின்றார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கனவில் வருவது போன்ற படம். சுரபுன்னைக் காடு. தண்ணீருக்குள் இறங்கிய வேர்களுக்கு நடுவே கல்யாணப் பந்தி நடக்கிறது. வாழையிலைகள் தண்ணீரில் மிதக்கின்றன. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சரிகை வேட்டியும் பட்டுச் சேலையும் இருக்கின்றன. கழுத்துக்கு மேலே கொக்குத் தலை. எல்லாக் கொக்கும் இலையையே பார்க்கின்றன. எதிரே என்ன நடக்கிறது என்று ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. பந்தி முனையில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நின்று லட்டு பரிமாறுகிறார். முகத்தில் ஒரு முகமூடி. இரண்டு பக்கமும் அதன் கயிறு தெரிகிறது. முகமூடியில் வரைந்த கண்களின் கருவிழிகள் மட்டும் துளைகள். அவற்றின் வழியாகத் தலை தெரியவில்லை, வானம் தெரிகிறது.

புகாரைப் படித்துவிட்டு வந்த எல்லோரும் அந்தத் துளைகளுக்குள்ளேயே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. தாடை இல்லை, காது மடல் இல்லை, முடி தொடங்கும் இடம் இல்லை. என் தொழில்படி அங்கே ஆளே இல்லை.

பிறகு, சாட்சி பேசுவதைக் கேட்கிற மாதிரி அந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று தோன்றியது. இதை வரைந்தவளும் எதையோ பார்த்துப் பயந்தவள்தான். எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருக்கிறாள். எதைக் கலைக்காமல் விட்டிருக்கிறாள்? கொக்குகளை விட்டேன், மரங்களை விட்டேன். லட்டு நீட்டும் இடது கைக்கு வந்தேன். தங்க நிற வாட்ச் மணிக்கட்டிலிருந்து சற்று நழுவியிருந்தது. அதற்குக் கீழே பல் பதிந்த தடம், அரை வட்டமாக. படம் முழுவதும் தூரிகை ஓடி விளையாடியிருக்க, அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக, நிதானமாக வரையப்பட்டிருந்தது. மேல்வரிசைத் தடத்தில் ஒரு பல் மட்டும் பாதிதான் பதிந்திருந்தது.

எழுந்து கிட்டே போனேன். அப்போதுதான் முகமூடியையே ஒரு முகமாகப் பார்த்தேன். அது ஒரு பெண் முகம். பயந்த கண்கள். இடது புருவம் ஒரு நூல் மேலே ஏறியிருந்தது.

அது என் படம். நான் வரைந்து, ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டிய கனகாவின் முகம். அதைப் பிய்த்து எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு ஆள் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து அறையில் வசந்தாவை உட்கார வைத்திருந்தார்கள். மெலிந்த உடம்பு, விரல் நகத்தில் பெயின்ட். ஒரு பெண் போலீஸ் கூட இருந்தார். அவரை வெளியே போகச் சொன்னேன்.

"அந்த முகமூடி எங்கேருந்து எடுத்த?"

"பஸ் ஸ்டாண்டு சொவத்துலேருந்து மேடம். எல்லாரும் பாக்கற எடந்தான்."

"அது நான் வரைஞ்சது."

அவள் நிமிர்ந்தாள். "தெரியாது மேடம். ஆனா கண்ண நல்லா போட்டிருந்தீங்க. திருடி கண்ணு இல்ல அது. அதப் பாத்துதான் எனக்கு இந்தப் படமே வந்துச்சு. தப்பு ஒருத்தன் பண்றான், மூஞ்சி அவளோடது தொங்குது. அவ மூஞ்சிக்குப் பின்னால நின்னுக்கிட்டு அவரு எல்லாருக்கும் லட்டு வெக்கிறாரு."

"கையில இருக்கற தடம்?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "அத கேக்காதீங்க மேடம். கேட்டா, எனக்கு எப்டித் தெரியும்னு அடுத்து கேப்பீங்க. அதுக்கடுத்து, அவ எங்க இருக்கான்னு கேப்பீங்க."

நான் கேட்கவில்லை. என்னை அனுப்பியது படத்தைப் பார்க்கத்தான். கனகா எங்கே என்று கேட்கச் சொல்லி யாரும் அனுப்பவில்லை. இது கடமை தவறியது என்று பின்னால் ஒருவர் சொன்னார். சொல்லட்டும். இன்றைக்குக் கேட்டாலும் அதே இடத்தில்தான் வாயை மூடிக்கொள்வேன்.

மறுநாள் கடலூரில் அறிவழகன் சார் மேஜையில் என் கருத்து தயாராக டைப் செய்து வைக்கப்பட்டிருந்தது. முகமூடி அணிந்திருப்பவர் உருவ அமைப்பிலும் நிற்கும் விதத்திலும் புகார் கொடுத்தவரையே ஒத்திருக்கிறார் என்று அதில் இருந்தது. எதிர் நாற்காலியில் மண்டபக்காரர் உட்கார்ந்திருந்தார். அரைக்கைச் சட்டை, இடது மணிக்கட்டில் அகலமான பட்டை வைத்த வாட்ச். சார் பேனா மூடியைக் கழற்றினார். தாளை என் பக்கம் திருப்பினார்.

"போட்டுடலாம்தானே?"

"இல்ல சார்."

அவருக்குக் காதில் விழவில்லை போலிருந்தது. "என்னம்மா?"

"இல்ல சார். அந்தப் படத்துல மொகமே கெடையாது. இல்லாத மொகத்த இவரோடதுன்னு எப்டி எழுதுவேன்?"

மண்டபக்காரர் குறுக்கே வந்தார். "நாந்தான்னு ஊருக்கே தெரியுது. ஒங்களுக்குத் தெரியலியா?"

"எத வச்சி தெரியுது சார்? மொகமூடி பொம்பள மொகம். தல இல்ல. வெள்ளச் சட்ட சிதம்பரத்துல பாதிப் பேரு போடறாங்க. எதப் பாத்து இது நாந்தான்னு கண்டுபுடிச்சீங்க?"

அவர் அறிவழகன் சாரைப் பார்த்தார்.

நான் சாரிடம் திரும்பினேன். "அடையாளம்னு சொல்ல படத்துல ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு. எடது மணிக்கட்டுல பல்லுத் தடம். மேல் வரிசையில ஒரு பல்லு பாதி. அது இவரு கையில இருந்தா படத்துல இருக்கறது இவருதான், ஒத்துக்கறேன், நீங்க சொல்ற எடத்துல கையெழுத்து போடறேன். இல்லன்னா இவரு இல்ல. வாட்ச கழட்டச் சொல்லுங்க சார். ஒரு நிமிஷத்து வேல."

மண்டபக்காரரின் வலது கை மெல்லப் போய் இடது மணிக்கட்டை மூடியது. அவர் தெரிந்து செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். அறிவழகன் சார் அந்தக் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"நா என்ன குத்தவாளியா, வாட்ச கழட்டிக் காட்ட? அந்தப் பொண்ண ஒளிச்சி வச்சிருக்கறது அந்த டீச்சருதான். அவ மூஞ்சிய அப்படியே வரைஞ்சிருக்கா, பாக்கலியா?"

"அந்த மூஞ்சிய ஊரு சொவத்துல ஒட்டுனது நாமதான் சார். அதப் பாத்து வரைஞ்சதுக்கு ஒருத்தரப் புடிக்கணும்னா மொதல்ல என்னப் புடிக்கணும்."

அவர் எழுந்தார். "அறிவழகன், ஒங்க ஆளு பேசறது நல்லால்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

சார் பேனா மூடியை மாட்டினார். "ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச வருஷந்தானே இருக்கு ஒங்களுக்கு?" என்றார். அது மிரட்டலா வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தண்ணீர் மொண்டு கொடுத்த அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் சொன்னதை என் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்த டைப் அடித்த தாளின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன். மணிக்கட்டைப் பார்க்காமல் கருத்துச் சொல்ல இயலாது என்பதுதான் அதன் கடைசி வரி. மண்டபக்காரர் திரும்பி வரவில்லை. வசந்தாவை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னை அடுத்த மாதம் கீழ்த்தளத்தில் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். அங்கே பென்சிலுக்கு வேலையில்லை.

வீட்டில் என் கணவர், "கம்முனு ஒரு கையெழுத்து போட்டிருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே, "சரி விடு, போட்டிருந்தா நீ ராத்திரி தூங்கியிருக்க மாட்ட, என்னையும் தூங்க வுட்டிருக்க மாட்ட" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கோப்பு அறைக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம். வாசலில் ஒரு அம்மா நின்றார். சிவகாமி. தனியாக, பஸ்ஸில் வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அன்னிக்கு நீங்க கேட்டீங்களாமே, வாட்ச கழட்டச் சொல்லி. வீட்ல வந்து கத்துனாரு."

"ஆமாம்மா."

"எங்கிட்ட நாய் கடிச்சதுன்னு சொன்னாரு. நா ஒரு தடவதான் பாத்தேன், சரியா பாக்க வுடல." முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். "நாய்ப் பல்லு பட்டா எப்டி இருக்கும், மனுசப் பல்லு பட்டா எப்டி இருக்கும்? ஒங்களுக்கு வரையத் தெரியுமே."

பழைய கவர் ஒன்றின் பின்பக்கத்தில் வரைந்தேன். முதலில் நாயின் தடம்: இரண்டு பக்கமும் ஆழமான இரண்டு புள்ளிகள், நடுவில் கீறல். சிவகாமி அசையாமல் பார்த்தார். பக்கத்தில் மனிதத் தடத்தை வரைந்தேன், சின்ன வாய், அரை வட்டம். கடைசியாக மேல்வரிசையில் அந்த ஒரு பல்லைப் பாதியாகப் போட்டேன்.

சிவகாமி இரண்டடி பின்னால் போனார். முதுகு இரும்பு அலமாரியில் இடித்தது.

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். அந்த வேலையை விட்டு என்னை எடுத்துவிட்டதாக மேலே இருந்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சாயந்தரம் கோயிலுக்கு அனுப்பிச்சாரு அன்னிக்கு" என்றார் சிவகாமி. "திரும்பி வந்தப்ப அவ இல்ல. நகை காணோம்னு சொன்னாரு. நகை எங்கயும் போவலீங்க. நா போட்டுக்கிட்டுதான் கோயிலுக்குப் போனேன்."

"இத என்கிட்ட சொல்லிப் புண்ணியமில்லம்மா. கோர்ட்ல சொல்லணும்."

"தெரியும். எப்டிப் போறதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

எனக்குத் தெரிந்த ஒரு பெண் வக்கீலின் வீட்டுக்கு அவரை நானே ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனேன். வேலை நேரத்தில் அனுமதியில்லாமல் வெளியே போனேன் என்று அதற்கும் விளக்கம் கேட்டார்கள். போனேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

சிவகாமி மாஜிஸ்ட்ரேட் முன்னால் சொன்ன பிறகு திருட்டு வழக்கு நிற்கவில்லை. அதற்கப்புறம்தான் கனகா வெளியே வந்து மண்டபக்காரர் மேல் புகார் கொடுத்தாள். புதுச்சேரியில் ஒரு துணி தைக்கும் இடத்தில் இருந்திருக்கிறாள். அன்று சாயந்தரம் வீட்டில் என்ன நடந்தது, அவர் கையை அவள் எப்படிக் கடித்துவிட்டு மதில் ஏறி வசந்தா வீட்டுக்குள் குதித்தாள் என்பதையெல்லாம் நீதிமன்றத்தில் அவளே சொன்னாள். என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். மண்டபக்காரரின் வக்கீல் படத்தின் போட்டோவை ஆட்டிக் காட்டினார்.

"கொக்குத் தல மனுசங்க, தண்ணிக்குள்ள பந்தி, தல இல்லாத ஆளு. பைத்தியக்காரக் கனவு மாதிரி இருக்கற இதுல நீங்க உண்மையக் கண்டுபுடிச்சீங்களா?"

"நான் கண்டுபிடிக்கல சார். அது தான்தான்னு உங்க கட்சிக்காரர்தான் புகார் குடுத்தாரு" என்றேன்.

நீதிபதி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். பின்னால் யாரோ சிரித்ததை டவாலிச் சேவகர் அதட்டி அடக்கினார். சிதம்பரத்தில் அவருக்குத் தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீடு செய்து வெளியே வந்துவிட்டார். நான் ஓய்வு பெறும்வரை அது முடியவில்லை; முடிந்தாலும் எனக்கு யாரும் சொல்லி அனுப்பப்போவதில்லை. அறிவழகன் சார் மாற்றலாகிப் போனார். போகும்முன் கோப்பு அறைக்கு வந்து வாசலில் நின்று, "நல்லா இருக்கீங்க பிலோமினா" என்றார். "தானே" சேர்க்கவில்லை. அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வணக்கம் சொன்னேன், அவ்வளவுதான்.

கனகா இப்போது வசந்தாவின் வீட்டு மாடியில் இரண்டு தையல் மெஷின் போட்டு நடத்துகிறாள். அதே தெருவில். வேறு ஊருக்குப் போய்விடலாமே என்று நான் கேட்டதற்கு, "நா எதுக்கு மேடம் போகணும்? வேணும்னா அவரு போகட்டும்" என்றாள்.

ரேவதி கேட்ட அடத்துக்கு இதுதான் கதை. அது அடம் என்றால் இருக்கட்டும். கம்ப்யூட்டரில் நல்ல நல்ல மூக்குகள் இருக்கலாம். ஒட்டுகிறவள் யார் சொல்லி ஒட்டுகிறாள் என்பதை அது கேட்காது. நீதான் கேட்க வேண்டும் பெண்ணே.

இந்த வைகாசியில் கூட வேலை பார்த்த ஒருவரின் மகள் கல்யாணத்துக்குச் சிதம்பரம் போயிருந்தேன். மண்டபம் அவருடையதுதான் என்று வாசலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். பிறகு, நான் எதற்குத் திரும்ப வேண்டும் என்று உள்ளே போனேன். அவர் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கத்திரி முடியாத வெயில். எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, அவர் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை பட்டன் மாட்டியிருந்தார். கும்பிட வந்த ஒவ்வொருவர் கண்ணும் ஒரு நொடி அந்தப் பட்டனுக்குப் போய்த் திரும்பியது. என் முறை வந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் கூப்பிய கை அப்படியே நின்றது.

"வேர்த்து ஊத்துதே சார்" என்றேன், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "கைய மடிச்சி வுட்டுக்குங்களேன்."

அவர் மடிக்கவில்லை. நான் பந்திக்குப் போனேன்.